இன்டர்செப்டரில் 200 கி.மீ. தாண்டினால் இடுப்பு வலி: சீட்டா, ஷாக்கா, டயரா?

ஊர்சுற்றி650:
வணக்கம் மக்களே. என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக், 2021இல் வாங்கியது, ஓடோமீட்டர் 16,000ஐத் தொடப்போகிறது. தாம்பரத்திலிருந்து திருநெல்வேலி பக்கம் மாமனார் ஊருக்கு வருடத்துக்கு இரண்டு தடவையாவது பைக்கில்தான் போவோம், பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் துணிப்பை. புதிதில் விழுப்புரத்தில் ஒரு டீ, திருச்சியில் சாப்பாடு, அவ்வளவுதான் நிறுத்தம். இப்போது உளுந்தூர்பேட்டை தாண்டியதுமே இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போகிறது. கைப்பிடியில் 70-80 வேகத்தில் ஒரு நடுக்கம், அதற்கு மேல் போனால் குறைகிறது. பாலத்து மூட்டுகளில் முன்பு இல்லாத ஒரு 'தட் தட்'.

4,500 ரூபாய் கொடுத்து ஜெல் சீட் போட்டேன். ஒரு மாதம் நன்றாக இருப்பது போல் மனசுக்குத் தோன்றியது, அப்புறம் பழைய கதைதான். பக்கத்து மெக்கானிக் பின் ஷாக் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்) இரண்டையும் மாற்றச் சொல்கிறார், அவர் சொல்லும் தொகைக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். டயர்கள் இரண்டும் வண்டியோடு வந்தவை, பட்டன் (ரப்பர் கட்டைகள்) இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் டயர் மேல் சந்தேகம் வரவில்லை. ஷாக் மாற்றியே ஆக வேண்டுமா? யாராவது அனுபவப்பட்டிருந்தால் சொல்லுங்கள்.

மலைரோடு:
ப்ரோ, ஷாக்குக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். காற்று எவ்வளவு வைக்கிறீர்கள், எங்கே, எப்போது பார்க்கிறீர்கள்? டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அது என்ன? பின் டயரின் நடுவில் உள்ளங்கையை வைத்தால் வளைவாக இருக்கிறதா, சப்பையாக இருக்கிறதா?

நான் கோயம்புத்தூர், ஹிமாலயன் 411. வால்பாறையும் கோத்தகிரியும் மாதம் ஒரு முறை ஏறி இறங்குவதால் எனக்கு டயர் ஓரத்தில்தான் தேயும், நடுவில் இல்லை. நீங்கள் நேர்க்கோட்டில் 600 கி.மீ. போகிற ஆள், உங்களுக்கு வேறு மாதிரி தேய்ந்திருக்கும்.

ஊர்சுற்றி650:
காற்று முன்னால் 32 பி.எஸ்.ஐ., பின்னால் 36, வண்டியோடு வந்த புத்தகத்தில் தனியாக ஓட்டுவதற்குப் போட்டிருக்கும் அளவு. பெரும்பாலும் செங்கல்பட்டு தாண்டி பங்க்கில் டீ குடிக்க நிற்கும்போது பார்ப்பேன். நான்கு இலக்கம் 0921. பின் டயர் நடுவில் சப்பைதான், மூன்று விரல் அகலம் தாராளமாக இருக்கும். ஆனால் காடிகள் (பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள்) தெரிகிறதே!

சந்தேகப்பிராணி:
டயர் தேய்ந்தால் சொகுசு குறையும் என்பது டயர் விற்கிறவர்கள் கட்டிவிட்ட கதை. யோசித்துப் பாருங்கள், புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் ரப்பர் தடிமன் வித்தியாசம் ஐந்தாறு மில்லிமீட்டர். குழியில் விழும்போது அதிர்ச்சியை வாங்குவது உள்ளே இருக்கும் காற்றும் பக்கச் சுவரும்தான், மேலே இருக்கும் பட்டன் இல்லை. ரேஸ் வண்டிக்காரர்கள் சில வகை டயரைச் செதுக்கிக் குறைத்து ஓட்டுவார்கள், பட்டன் உயரம் குறைந்தால் நெளிவது குறையும் என்று. வயதாகிறது நண்பரே, வண்டிக்கு இல்லை, இடுப்புக்கு. 2021க்கும் இப்போதைக்கும் நடுவில் நீங்கள் எத்தனை கிலோ ஏறியிருக்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஷாக்குக்கு அதுவும் ஒரு கணக்கு.

பழைய_புல்லட்:
சந்தேகம் தம்பி சொல்வதில் பாதி சரி. காற்றுதான் ஸ்பிரிங். பட்டன் உயரத்தை மட்டும் வைத்து சொகுசைப் பேசக்கூடாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேய்மானம் என்றால் உயரம் குறைவது மட்டும் இல்லை, டயரின் உருவமே மாறுவது. காரில் டயர் தேய்ந்தால் உருவம் பெரிதாக மாறாது, அது முதலிலேயே தட்டைதான். பைக் டயர் உருண்டை. அந்த உருண்டையில்தான் வண்டி சாய்கிறது, நிமிர்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) நேராகவே ஓட்டினால் நடு மட்டும் தேய்ந்து சப்பையாகும், இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு எழும்பும். நிமிர்ந்து போகும்போது அந்தச் சப்பையில் வண்டி தெருவில் நிற்கும் கட்டில் மாதிரி உட்கார்ந்திருக்கும். லேன் மாற்ற லேசாகச் சாய்க்கிறீர்கள், வண்டி வராது. இன்னும் கொஞ்சம் தள்ளுகிறீர்கள், விளிம்பு மேல் ஏறி, அதைத் தாண்டியதும் பொத்தென்று விழுகிற மாதிரி சாயும். உடனே பயந்து திருப்பிப் பிடிப்பீர்கள். ஒரு தடவை என்றால் ஒன்றும் இல்லை. திண்டிவனத்திலிருந்து திருச்சிக்குள் எத்தனை லாரியை முந்துகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை தடவையும் இரண்டிரண்டு முறை இந்தச் சண்டை நடக்கிறது. தோளும் மணிக்கட்டும் வலிக்காமல் என்ன செய்யும்?

அப்புறம், புது ரோடு போட மேல் தாரைச் சுரண்டி வைத்திருப்பார்களே, வரிவரியாக, அதில் போனால் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளியும். உருண்டை டயரிலும் கொஞ்சம் நெளியும், இல்லை என்று சொல்லமாட்டேன். சப்பை டயரின் விளிம்பு அந்த வரிகளில் ஏறி இறங்கும்போது வேறு ரகம். பயப்படாதே என்று மூளை சொன்னாலும் முழங்கால் கேட்காது, டேங்க்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் கல்யாணப் பத்திரிகை கிடக்கும், தடித்த அட்டையாகப் பார்த்து எடுங்கள். டயர் கடையில் உங்கள் பின் டயரின் அதே 130/70-18 அளவு புதிதாக நிற்கும், அதன் மேல் அட்டையை வைத்து வளைவை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் டயரில் வைத்துப் பாருங்கள். இடைவெளி எவ்வளவு என்று கண்ணே சொல்லும். 1990களில் கடைக்காரர் ஒருவர் எனக்குக் காட்டிய வித்தை இது, இன்றுவரை டயர் மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் வீட்டில் பத்திரிகைதான் பதில் சொல்கிறது.

மலைரோடு:
காற்று பற்றி ஒன்று. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டும்வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் டயர் சூடாகியிருக்கும், மீட்டர் மூன்று நான்கு கூடவே காட்டும். நீங்கள் 36 என்று நிறுத்துவது ஆறிய பிறகு 32, 33தான். அதுவும் பின்னால் ஆளும் பையும் வைத்துக்கொண்டு, தனியாக ஓட்டும் அளவைப் பிடித்திருக்கிறீர்கள், இரண்டு பேருக்கு இன்னும் அதிகம் வேண்டும், புத்தகத்திலேயே தனியாகப் போட்டிருப்பார்கள். அதாவது இத்தனை நாளாகக் குறைந்த காற்றில்தான் ஓடியிருக்கிறீர்கள். 500 ரூபாய்க்கு ஒரு சின்ன கேஜ் வாங்கி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் வீட்டிலேயே பாருங்கள்.

சந்தேகப்பிராணி:
காற்று குறைந்தால் மெத்தையாகத்தானே இருக்க வேண்டும்? இவர் கஷ்டம் என்கிறாரே.

மலைரோடு:
முதல் பத்து கிலோமீட்டருக்கு மெத்தைதான். அப்புறம் பக்கச் சுவர் அதிகம் மடங்கி மடங்கிச் சூடாகும், ஹாண்டில் கனக்கும், குழியில் விழுந்தால் ரிம் வரைக்கும் அடி இறங்கும். இவர் சொன்ன பாலத்து 'தட் தட்' அதுவாகவும் இருக்கலாம். இவர் வண்டியில் ஸ்போக் சக்கரம் என்றால் உள்ளே டியூப், அந்த மாதிரி அடியில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் கடிபட்டுப் பஞ்சராகும். எதிர்ப்பக்கம், அதிகமாக அடித்தாலும் சுகம் இல்லை, சின்னக் கல்லெல்லாம் முதுகில் எண்ணலாம், நடு இன்னும் சீக்கிரம் சப்பையாகும்.

பஞ்சர்கடை_மகன்:
அப்பா 30 வருடமாக டயர் வேலை, நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையில். எல்லோரும் பின் டயரைப் பற்றியே பேசுகிறீர்கள். அண்ணே, நீங்கள் சொன்ன 70-80 நடுக்கம் கைப்பிடியில் வருகிறது என்றால் முன் டயரை முதலில் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு யாரையாவது பின்னால் உட்கார வைத்தால் முன் சக்கரம் தூக்கி நிற்கும். டயர் மேல் உள்ளங்கையை மெதுவாக ஒரு திசையில் ஓட்டுங்கள், அப்புறம் எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழவழவென்று போய், மறு பக்கம் வாழைச்சீப்பு மாதிரி கையில் தட்டினால் பட்டன் கோணலாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு பட்டனும் பின்னால் மடங்குகிறது, அதனால் ஒரு விளிம்பு அதிகம் தேய்கிறது, ரம்பப் பல் மாதிரி ஆகிறது. காற்று குறைந்தாலும் முன் ஷாக் ஆயில் பழசானாலும் சீக்கிரம் வரும். வளைவில் சாய்க்கும்போது வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வருமே, அது இதுதான். நிறைய பேர் சக்கரத்து பேரிங் போச்சு என்று மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்க, நம்மிடம் வந்து நிற்பார்கள்.

சக்கரம் தூக்கி நிற்கும்போதே ஹாண்டிலை ஒரு விரலால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள், நடுவில் 'டக்' என்று ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹாண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மில் கோட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் பார்க்காமல் டயர் மேல் பழி போடுவதும் தப்பு.

0921 என்றால் 2021இன் ஒன்பதாவது வாரம். நான்கு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெயிலில் நிற்கும் வண்டியா? நகத்தை அழுத்திப் பாருங்கள், புது டயரில் லேசாக உள்ளே இறங்கும், காய்ந்த டயரில் இறங்காது. காய்ந்த ரப்பர் சின்னச் சின்ன அதிர்வை வாங்காமல் அப்படியே மேலே அனுப்பும், ஈரத்திலும் பிடிக்காது.

ஊர்சுற்றி650:
நேற்று மாலை ஒரு மணி நேரம் வண்டியோடு மல்லுக்கட்டினேன். மைத்துனன் கல்யாணப் பத்திரிகையை வெட்டினேன் (வீட்டில் திட்டு). அட்டையின் நடுவுக்கும் டயருக்கும் நடுவில் அரை விரல் கனத்துக்கு இடைவெளி! வெறும் கண்ணால் பார்த்தபோது இவ்வளவு இருக்கும் என்று சத்தியமாகத் தெரியவில்லை. நடுக் காடிக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கிறது, பக்கவாட்டில் முக்கோணக் குறி போட்ட இடத்துக்கு நேரே, பட்டன் கிட்டத்தட்ட அந்த மேட்டோடு சமமாகிவிட்டது.

முன் டயரில் வாழைச்சீப்பு இருக்கிறது, வலப்பக்கம் அதிகம். கோன் செட் நன்றாக இருக்கிறது, ரிம்மில் கோட்டம் இல்லை. வெயில் கேட்டீர்கள், அலுவலகத்தில் கூரை இல்லாத இடம்தான், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை.

பஞ்சர்கடை_மகன்:
அந்த மேடுதான் தேய்மானக் கோடு, பைக் டயரில் 0.8 மி.மீ. அளவுக்கு வைத்திருப்பார்கள். அதோடு சமம் ஆகிவிட்டால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். சொகுசை விடுங்கள், ஆணி கண்ணாடியெல்லாம் நேராக டியூப்பில் இறங்கும், மழைத் தண்ணீர் வெளியே போக வழி இருக்காது. கடைசி 2,000 கி.மீ.யில் வரும் பஞ்சர்தான் எங்கள் கடைக்கு வருமானமே.

ஊர்சுற்றி650:
வணக்கம். இவர் கணக்கிலிருந்து எழுதுகிறேன், பின்சீட்டில் உட்காரும் ஆள் நான். இங்கே எல்லாரும் ஹாண்டில், கைப்பிடி என்று பேசுகிறீர்கள், பின்னால் இருப்பவரை யாரும் கேட்கவில்லை.

எனக்கு வலி சீட்டால் இல்லை என்று ஜெல் சீட் வாங்கிய அன்றே சொன்னேன். முன்பெல்லாம் இவர் லாரியை முந்தும்போது எனக்குத் தெரியவே தெரியாது, தூங்கி வழிந்துகொண்டு வருவேன். இப்போது வண்டி சாய்வதற்கு முன்னால் ஒரு தயக்கம், அப்புறம் திடீரென்று விழுகிற மாதிரி. எனக்குக் கண் முன்னால் ரோடு தெரியாது, இவர் முதுகுதான் தெரியும். எப்போது விழும் என்று தெரியாததால் எந்நேரமும் தொடையை இறுக்கிக்கொண்டு, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறேன். ஐந்து மணி நேரம் உடம்பை இறுக்கி வைத்துக்கொண்டு பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தாலும் வலிக்கும். பழைய புல்லட் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இது டயரின் வேலை என்று புரிந்தது. நான் இதை ஒரு வருடமாக "நீங்கள் முன்பு மாதிரி ஓட்டுவதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் இரண்டு சண்டை.

சந்தேகப்பிராணி:
சரி, அக்கா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் யோசித்தது குழியில் வாங்கும் அடியை மட்டும். சாயும்போது உடம்பு இறுகுவது என் கணக்கில் வரவில்லை. ஆனாலும் ஒன்று, காற்றைச் சரி செய்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு அப்புறம் டயர் மாற்றுங்கள், எது எவ்வளவு உதவியது என்று அப்போதுதான் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இந்தச் சண்டை தீராது.

பழைய_புல்லட்:
நல்ல யோசனை. டயர் தினம் கொஞ்சமாகத் தேய்கிறது, நாமும் தினம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறோம், வேறு ஒருவர் நம் வண்டியை ஓட்டிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டரில் சொல்லிவிடுவார். ஆனால் கோட்டோடு சமமான டயரில் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

ஊர்சுற்றி650:
பத்து நாள் கழித்து வருகிறேன். காலையில் ஆறிய டயரில் இரண்டு பேருக்கான அளவு காற்று வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். 'தட் தட்' பாதிக்கு மேல் போய்விட்டது, ஹாண்டில் லேசாகிவிட்டது. விழுகிற மாதிரி சாய்வது அப்படியே இருந்தது. ஆக இரண்டு தரப்பும் ஆளுக்கொரு புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று பின் டயர் மட்டும் புதிது போட்டேன், டியூப்பும் புதிது. இப்போது புதுப் பிரச்சினை. 40-50 வேகத்தில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது, மாட்டு வண்டி சக்கரத்தில் கல் கட்டின மாதிரி. போட்ட கடையில் கேட்டால் புது டயர் என்றால் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்கிறார். மனைவி என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. பழைய டயரே தேவலாமோ என்று இருக்கிறது.

பஞ்சர்கடை_மகன்:
ஓட ஓடச் சரியாகாது அண்ணே. புது டயர் மேல் பூச்சு கொஞ்சம் வழுக்கும், முதல் 150 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும், அது வேறு. இது டயர் ரிம்மில் சரியாக உட்காராத கேஸ். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி வரும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி அந்தக் கோட்டைப் பாருங்கள். ரிம்முக்கும் கோட்டுக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்காவது கோடு ரிம்முக்குள் மறைந்தால் அந்த இடத்தில் டயர் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரை ஆட்டிவிட்டு மறுபடி காற்று அடிக்கச் சொல்லுங்கள். 'டப்' என்று சத்தம் வந்து உட்காரும். பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அளவுக்கு மேல் அடிக்கவும் விடாதீர்கள். அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா, சக்கரத்தின் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் குறி சமமாக இருக்கிறதா, அதையும் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் இது பாதிப் பேர் மறக்கிற விஷயம்.

ஊர்சுற்றி650:
கோடு ஒரு சாண் நீளத்துக்குக் காணவே இல்லை! வேறு கடைக்குப் போய் நீங்கள் சொன்ன மாதிரியே செய்யச் சொன்னேன். 'டப்' சத்தம் வந்தது. குதிப்பது நின்றுவிட்டது. கும்பிடுகிறேன் தம்பி.

மலைரோடு:
ஊருக்குப் போனதும் எழுதுங்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள். இங்கே பாதி இழை அப்படித்தான் அந்தரத்தில் நிற்கிறது.

ஊர்சுற்றி650:
போய் வந்தாயிற்று. 1,300 கி.மீ. கிட்டத்தட்ட, நாகர்கோவில் வரை சேர்த்து. பெரம்பலூர் வரை எங்கும் நிற்கவில்லை, அதுவும் எனக்குப் பசித்ததால் நின்றோம். லாரியை முந்தும்போது நினைத்த இடத்துக்கு வண்டி போகிறது, நான் தள்ளவும் இல்லை, அது விழவும் இல்லை. விருதுநகர் தாண்டியதும் பின்னால் தலை என் முதுகில் மோதியது, பார்த்தால் தூக்கம். இதைவிட வேறு சான்றிதழ் தேவையில்லை.

ஆரல்வாய்மொழியில் மட்டும் கொஞ்சம் பயம். காற்றாலைக் காட்டில் குறுக்குக் காற்று, போன ஆடியில் இதே இடத்தில் லேன் விட்டு லேன் தள்ளியது. இந்தத் தடவையும் தள்ளியது, ஆனால் திருப்பிக் கொண்டுவர ஒரே அசைவு போதும். முன்பு மூன்று நான்கு தடவை தடுமாறுவேன்.

70-80 நடுக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது, குறைந்தாலும் இருக்கிறது. முன் டயர் வாழைச்சீப்புதான், மறுக்கவில்லை. பட்டன் நிறைய பாக்கி இருப்பதால் மாற்ற மனசு வரவில்லை. அடுத்த மாதம் மாற்றுகிறேன். அதே 100/90-18 தானா, ஒரு சுற்று பெரிசாக 110 போடலாமா?

பழைய_புல்லட்:
100/90-18 மட்டும். அகலம் கூடினால் ஹாண்டில் மந்தமாகும், மட்கார்டில் இடமும் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். முன் டயர் விஷயத்தில் பட்டன் பாக்கியைக் கணக்குப் பார்க்கிற சிக்கனம் ஆகாது, பின்னால் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்னால் வழுக்கினால் கீழேதான். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், முன்னாலுக்கும் ஒன்று வெட்டி வையுங்கள்.

ஊர்சுற்றி650:
அட்டை அலமாரியில், ஆர்.சி. புத்தகத்தோடு. ஷாக் மாற்றவில்லை, பிரீலோடை (ஷாக் ஸ்பிரிங்கின் இறுக்கம்) மட்டும் இரண்டு படி ஏற்றினேன். மற்றபடி, ஜெல் சீட் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, மூன்று ட்ரிப் மட்டும் போட்டது, 2,000 கொடுத்தால் போதும்.

சந்தேகப்பிராணி:
1,500. அதுவும் ஒரு தடவை பாண்டிச்சேரி வரை போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருவேன்.